2019 கெடு முடிந்துவிட்டது. கடனட்டையில் பிடித்த பிபிஐ காசுக்கு இனி வழி உண்டா?

ஹரோவாசி எழுதியது:

வணக்கம். இங்கிலாந்துக் கடனட்டை ஒன்றைப் பற்றிய கேள்வி. வங்கியின் பெயர் வேண்டாம்.

அட்டை எடுத்தது 2002இல். 2021 மார்ச்சில் நிலுவை முழுவதையும் கட்டிக் கணக்கு மூடப்பட்டது. 2002 முதல் 2010 வரை ஒவ்வொரு ஸ்டேட்மென்டிலும் ‘பேமென்ட் புரொடெக்‌ஷன்’ என்று ஒரு வரி இருந்தது. அதுதான் பிபிஐ: நோயோ வேலையிழப்போ வந்தால் தவணை கட்டும் காப்புறுதி. நிலுவையில் 100 பவுணுக்கு 79 பென்ஸ் வீதம் பிடித்திருக்கிறார்கள். அட்டைக்காரர் அந்தக் காலத்தில் சொந்தக் கடை நடத்தியவர். அதோடு 2003 முதல் 2005 வரை பிந்திக் கட்டியதற்கும் வரம்பு தாண்டியதற்கும் 20, 25 பவுண் என்று 9 தடவை தண்டம். 2006க்குப் பிறகு 12 பவுண் வீதம் 4 தடவை.

கையில் இருப்பது 2004, 2007 ஆகிய இரண்டு வருடத்து ஸ்டேட்மென்டுகள் மட்டும். இதுவரை எந்த முறைப்பாடும் செய்யவில்லை.

பிபிஐக்கு இனி ஏதாவது வழி இருக்கிறதா? தண்டக் கட்டணங்களைத் தனியாகக் கேட்கலாமா? மற்ற ஸ்டேட்மென்டுகள் இல்லாமல் கணக்குப் போடுவது எப்படி? ஒரு நிறுவனம் போன் எடுத்து ‘எல்லாம் நாங்கள் பார்க்கிறோம், வந்தால் 40 வீதம் தாருங்கள்’ என்கிறது. அது சரியான ஆட்களா?

வெம்பிளி அண்ணை எழுதியது:

பிள்ளை, உது 2019 ஆகஸ்ட் 29ஓட முடிஞ்ச அலுவல். நிதி நடத்தை அதிகாரசபை, அதுதான் எஃப்சிஏ, வைச்ச கெடு அது. அண்டைக்கு முறைப்பாடு பாங்குக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேணும். இப்ப எழுதினால் ‘காலம் கடந்தது’ எண்டு ஒரு பக்கக் கடிதம் வரும். நிதி முறைப்பாடுகளைத் தீர்க்கிற ஒம்பட்ஸ்மனிட்டப் போனாலும் அதே பதில்தான். பிழையாய் வித்தவை எண்டாலும், கொமிஷனை மறைச்சவை எண்டாலும், ரெண்டு முறைப்பாட்டுக்கும் ஒரே கெடுதான்.

விலக்கு ரெண்டு இருக்கு. கடும் வருத்தம் மாதிரி, கெடுவுக்குள்ள எழுதவே முடியாமல் போன அசாதாரண காரணம் ஒண்டு. மற்றது, காப்புறுதி இன்னும் நடப்பில இருந்து, இப்ப இழப்பீடு கேட்டு, ‘உங்களுக்கு இந்தக் காப்புறுதி ஆரம்பத்திலேயே பொருந்தாது’ எண்ட மாதிரிக் காரணம் சொல்லி மறுத்தால். உங்கட காப்புறுதி 2010இலேயே நிண்டிட்டுது, அது சரிவராது. ‘கெடு தெரியாது’ எண்டும் சொல்லேலாது. ஆர்னோல்ட் சுவார்ஸ்நெகரின்ர தலையைப் பொம்மையாய்ச் செய்து டிவியில மாதக்கணக்காய்க் கத்த வைச்சவை.

பாங்குகள் 38 பில்லியன் பவுணுக்கு மேல குடுத்து முடிஞ்சுது. கடை பூட்டியாச்சு.

கோர்ட்டுப்படி எழுதியது:

அண்ணை சொன்னதில் முறைப்பாட்டுப் பகுதி முழுக்கச் சரி. ‘கடை பூட்டியாச்சு’ என்பதுதான் சரியில்லை. எஃப்சிஏ பூட்டியது முறைப்பாட்டுக் கதவை. நீதிமன்றக் கதவுக்கு வேறு கெடு, வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நிறையப் பேர் விட்டுவிட்டார்கள்.

1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் 140ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கடன் கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் இடையிலான உறவு நியாயமற்றதாக இருந்தால், காசைத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிளெவின் வழக்கில் இந்தப் பிரிவை பிபிஐக்குப் பொருத்தியது. அதில் காப்புறுதிக்காகக் கட்டிய 5,780 பவுணில் காப்புறுதி நிறுவனத்துக்குப் போனது 1,630தான். மீதி 71.8 வீதம் இடையில் நின்றவர்களின் கொமிஷன். அதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் விட்டதே உறவை நியாயமற்றதாக்கியது என்பது தீர்ப்பு. இங்கே ‘பிழையாக விற்றார்கள்’ என்று நிரூபிக்கத் தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெருந்தொகைக் கொமிஷன், அதை மறைத்தது: இந்த இரண்டும் போதும்.

அடுத்தது காலவரையறை. வங்கிகள் நீண்டகாலம் சொல்லிவந்தது, கடைசி பிபிஐ தவணை கட்டிய நாளிலிருந்து 6 வருடம் என்று. மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. 2023 அக்டோபர் 4இல், ரோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்துக்கு எதிரான ஸ்மித் வழக்கில், உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. உறவு நியாயமற்றதா என்பதை அந்தக் கடன் உறவு முடிந்த நாளில் வைத்துப் பார்க்க வேண்டும், 6 வருடமும் அங்கிருந்துதான் ஓடும் என்றது. அந்த வழக்கிலும் பிபிஐ நின்று பல வருடம் கழித்துத்தான் அட்டை முடிந்தது.

ஆகவே உங்களுக்கு முக்கியமான திகதி 2010 இல்லை, 2019உம் இல்லை. அட்டை மூடிய 2021 மார்ச்தான். அதிலிருந்து 6 வருடம், 2027 மார்ச். கடைசி நிலுவை கட்டிய நாளுக்கும் கணக்கை மூடிய நாளுக்கும் இடையில் சில வாரம் இருந்தால் முந்தியதையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். உறவு எப்போது முடிந்தது என்று வங்கி வாதிடும், அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். வங்கிக்குக் கடிதம் எழுதினால் ஓடும் காலம் நிற்காது. கோர்ட் வழக்கைப் பதிந்தால்தான் நிற்கும்.

இன்னொரு வடிகட்டி: 140ஏ பழைய ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும், ஆனால் 2008 ஏப்ரல் 6க்கு முன்பே கொடுக்கல் வாங்கல் முழுதாய் முடிந்த கணக்குகளுக்குப் பொருந்தாது. உங்களுடையது 2021 வரை ஓடியதால் அந்தப் பிரச்சினை இல்லை.

முன்பே வங்கியிடம் ‘கொமிஷன் திருப்பீடு’ வாங்கியவர்களும் இதைக் கவனிக்கலாம். எஃப்சிஏ விதியில் கொமிஷன் 50 வீதத்தைத் தாண்டிய பகுதியை மட்டும்தான் திருப்பிக் கொடுத்தார்கள். கொமிஷன் 80 வீதமென்றால் கிடைத்தது 30தான். அந்த 50 வீதம் என்பது முறைப்பாடுகளுக்கு வைத்த கோடு, நீதிமன்றத்தைக் கட்டாது. ஸ்மித் வழக்கு போட்டவர்களும் மிச்சத்தைக் கேட்டுத்தான் போனார்கள். ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்று கையெழுத்து வைத்திருந்தால் அந்தத் தாளை முதலில் வாசியுங்கள்.

நீதிபதி முழுக் கொமிஷனையும் கொடுப்பார் என்று எழுதிவைத்த விதி கிடையாது. எவ்வளவு என்பது அவர் விருப்புரிமை. வழக்கு மிகப் பழையது, அதனால் பதிவுகள் அழிந்துபோயின என்று வங்கி காட்டினால், அந்தத் தாமதமும் தட்டில் ஏறும்.

கோப்புக்காரி எழுதியது:

ஆவணங்களைப் பற்றி நான் சொல்கிறேன். வழக்கு வெல்வதும் தோற்பதும் பாதி இங்கேதான்.

முதல் வேலை இன்றே செய்யக்கூடியது: கடன் பதிவேடு வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் இலவச அறிக்கையை எடுத்துச் சேமியுங்கள். மூடிய கணக்கு கடன் பதிவேட்டில் 6 வருடம் மட்டுமே நிற்கும், பிறகு அழிந்துவிடும். ‘செட்டில்ட்’ (கட்டி முடிந்தது) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் திகதிதான் உங்கள் வழக்கின் உயிர். அது மறையும் காலமும் உங்கள் கெடு முடியும் காலமும் ஏறக்குறைய ஒன்று. மூன்று நிறுவனத்திலும் திகதி சில நாள் வித்தியாசப்படலாம், மூன்றையும் வைத்திருங்கள்.

இரண்டாவது, வங்கியிடம் தரவுக் கோரிக்கை. தனிநபர் தரவுச் சட்டப்படி உங்களைப் பற்றி வைத்திருக்கும் எல்லாவற்றையும் தரச்சொல்லும் கடிதம் அது. 2018 மே 25இலிருந்து கட்டணம் கிடையாது, அதற்கு முன்பு 10 பவுண் வாங்கினார்கள். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலானதென்று காரணம் சொல்லி இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினால் மேசை மேசையாய்ச் சுற்றும். ‘டேட்டா புரொடெக்‌ஷன் ஒஃபிசர்’ என்று முகவரியிட்டு அனுப்புங்கள்.

‘எல்லா விவரமும் தருக’ என்று மட்டும் எழுதினால் கடைசி 6 வருட ஸ்டேட்மென்ட் வந்து சேரும், வேறொன்றும் வராது. பிரித்துக் கேளுங்கள்: விண்ணப்பப் படிவத்தின் பிரதி, காப்புறுதி எப்போது எப்படிச் சேர்க்கப்பட்டது என்ற பதிவு, பிடித்த ஒவ்வொரு பிரீமியமும் திகதியோடு, ஒவ்வொரு தண்டக் கட்டணமும் திகதியோடு, போன் உரையாடல் குறிப்புகள், கணக்கு மூடிய திகதி. 2002இலிருந்து இருந்த எல்லா வீட்டு முகவரிகளையும் எழுதுங்கள். பழைய முகவரி இல்லாததால் ‘அப்படிக் கணக்கே இல்லை’ என்று பதில் வருவது சர்வசாதாரணம். அட்டை தொலைந்து மாற்றியிருந்தால் 16 இலக்கம் மாறியிருக்கும், பழைய இலக்கம் ஒரு ஸ்டேட்மென்டில் இருந்தாலும் அதைப் போடுங்கள். பெயரும் ஒரு தலைவலி. முதலெழுத்து முன்னுக்கு, அப்பாவின் பெயர் பின்னுக்கு என்று வங்கியில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி இருக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

கொமிஷன் வீதத்தைத் தனிக் கடிதத்தில் கேளுங்கள். அது உங்கள் தனிப்பட்ட தரவு இல்லை என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். தரவுக் கோரிக்கையோடு ஒட்டிக் கேட்டால் அதைச் சாட்டி முழுக் கோரிக்கையும் இழுபடும்.

ஹரோவாசி எழுதியது:

பெரிய உதவி. கணக்கை எப்படிப் போடுவது? 2004 ஸ்டேட்மென்டுகளில் சராசரி நிலுவை 2,000 பவுண் அளவில் இருக்கிறது. அந்தத் தண்டக் கட்டணங்களின் கதி என்ன?

12 பவுண் எழுதியது:

கட்டணத்துக்கு நான் பதில் சொல்கிறேன், என் பெயரே அதுதானே.

2006 ஏப்ரலில் அப்போதைய நியாய வர்த்தக அலுவலகம் (ஓஎஃப்டி) ஓர் அறிக்கை விட்டது. கடனட்டைத் தண்டம் 12 பவுணுக்கு மேலே போனால் அது நியாயமற்றது என்று தாங்கள் கருதி நடவடிக்கை எடுக்கலாம் என்றார்கள். அடுத்த சில மாதத்தில் பெரும்பாலான அட்டைகள் 12க்கு இறங்கிவிட்டன. உங்கள் ஸ்டேட்மென்டில் 25, 20 என்று இருந்து 2006இல் சட்டென்று 12 ஆனதற்குக் காரணம் இதுதான். 12 நியாயமான தொகை என்று ஓஎஃப்டி எங்கும் சொல்லவில்லை, அதற்குக் கீழே இருந்தால் தாங்கள் தலையிட மாட்டோம் என்றுதான் சொன்னது. வங்கிகள் அதை அரசு குறித்த விலை மாதிரி ஆக்கிக்கொண்டன. 20 வருடமாக அதே 12 இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கிறேன். 2009 நவம்பரில் ஓஎஃப்டி உச்ச நீதிமன்றத்தில் தோற்றதே, இனி எப்படிக் கேட்பது என்பார்கள். அது நடைமுறைக் கணக்கின் ஓவர்டிராஃப்ட் கட்டண வழக்கு. அங்கே கட்டணம் சேவைக்கான விலையின் பகுதி என்று தீர்ந்தது. கடனட்டையில் பிந்திக் கட்டுவது ஒப்பந்தத்தை மீறுவது, அதற்கு விழுவது தண்டம். இரண்டும் வேறு. ஆனால் 2015 நவம்பரில் பார்க்கிங் ஐ என்ற வாகனத் தரிப்பிட நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தண்டம் பற்றிய பழைய விதியை மாற்றி எழுதியது. உண்மை நட்டத்தைவிடக் கூடினாலும், நியாயமான நலன் ஒன்றைக் காக்கும் அளவுக்குள் இருந்தால் செல்லும் என்றது. அதற்குப் பிறகு ‘தண்டம், எனவே செல்லாது’ என்று ஒற்றை வரியில் வெல்வது கடினம்.

உங்கள் 9 கட்டணமும் 20 வருடம் பழையவை. ஒப்பந்தச் சட்டத்தில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் அது பிடித்த நாளிலிருந்து 6 வருடம். தனியாக அவற்றுக்கு வழக்குப் போட்டால் முதல் பக்கத்திலேயே தள்ளுபடி. ஒம்பட்ஸ்மனும் நடந்து 6 வருடம், அல்லது விஷயம் தெரியவந்து 3 வருடம் என்ற கணக்குத்தான் பார்ப்பார். மிச்சமிருக்கும் ஒரே வழி, 140ஏ கோரிக்கையின் உள்ளே வைத்து, உறவு நியாயமற்றதாக இருந்ததற்கு இதுவும் ஒரு சான்று என்று வாதிடுவது. இது வாதம்தான், உறுதியில்லை. ஒரு வகைக் கட்டணம் மட்டும் வலுவானது: பிரீமியம் ஏறியதால் நிலுவை வரம்பைத் தாண்டி விழுந்த தண்டம். வரம்பு 2,000, உங்கள் செலவும் வட்டியும் 1,990, பிபிஐ 15.72 ஏறி 2,005.72 ஆனது என்றால், அந்த 25 பவுண் தண்டம் பிபிஐ இல்லாவிட்டால் விழுந்தே இராது. முறைப்பாட்டுக் காலத்தில் வங்கிகளே இந்த வகையைத் திருப்பிக் கொடுத்தன. 2004 ஸ்டேட்மென்டுகளில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமாகப் பாருங்கள்.

இப்போதும் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப்சிஏ விதிப்புத்தகத்தில், தவணை தவறியவரிடம் வாங்கும் கட்டணம் நியாயமான செலவை ஈடுகட்டும் அளவுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. 12 பவுண் விழுந்தால் ‘உங்கள் செலவு எவ்வளவு’ என்று அந்த விதியைச் சொல்லி எழுதுங்கள். முதல் தடவை என்றால் பெரும்பாலும் பேசாமல் திருப்பிப் போடுவார்கள். பேச்சு நீண்டால் அவர்களுக்கு 12ஐ விடச் செலவு.

கோர்ட்டுப்படி எழுதியது:

கணக்கு. 2,000 பவுண் நிலுவைக்கு 100க்கு 79 பென்ஸ் என்றால் மாதம் 15.80. வருடம் 189.60. 8 வருடம், 96 மாதம்: 1,516.80. கொமிஷன் 70 வீதம் என்று ஓர் எடுகோள் வைத்தால் 1,061.76. உண்மை வீதத்தை வங்கி சொல்லும்வரை இது எடுகோள்தான், கோரிக்கையிலும் அப்படியே எழுதுங்கள்.

இதற்கு மேல் இரண்டு அடுக்கு வட்டி. முதலாவது, அட்டை வட்டி. பிரீமியம் நிலுவையில் சேர்ந்ததால் அதன்மேலும் அட்டையின் வீதத்தில் வட்டி ஓடியது. மாதம் 1.5 வீதம் என்றால் ஜனவரியில் ஏறிய 15.80, கட்டாமல் கிடந்தால், 12 மாதத்தில் 18.89. மாதா மாதம் முழு நிலுவையும் கட்டியவர்களுக்கு இந்த அடுக்கு கிடையாது. மினிமம் மட்டும் கட்டியவர்களுக்கு இதுதான் பெரிய தொகை. ஒரு தாளில் உண்மை நிலுவை, பக்கத்தில் பிபிஐ இல்லாவிட்டால் இருந்திருக்கும் நிலுவை, இரண்டையும் மாதம் மாதமாக ஓட்டுங்கள். இரண்டு வரிசைக்கும் கடைசியில் வரும் வித்தியாசம்தான் நட்டம்.

இரண்டாவது, 1984ஆம் ஆண்டு கவுன்டி கோர்ட் சட்டத்தின் 69ஆம் பிரிவில் வழமையாகக் கேட்கும் வருடத்துக்கு 8 வீதத் தனி வட்டி. 1,061.76க்கு வருடம் 84.94, பத்து வருடத்தில் 849.41. இதுவும் நீதிபதியின் விருப்புரிமை, 8 எழுதினால் 8 கிடைக்கும் என்றில்லை. ஒரே காலத்துக்கு இரண்டு வட்டியையும் போட்டு எழுதாதீர்கள். எதிர்த்தரப்புச் சொலிசிட்டர் முதலில் தேடுவது அதைத்தான்.

இடைவெளி மாதங்களுக்கு 2004, 2007 சராசரியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த மாதம் ஸ்டேட்மென்டிலிருந்து வந்தது, எது மதிப்பீடு என்று தனி நிறத்தில் காட்டுங்கள். உறவு நியாயமற்றது என்று கடனாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. சட்டத்தின் 140பி பிரிவு 9ஆம் உட்பிரிவு. கடிதத்தில் இந்த எண்ணைப் போடுங்கள்.

இனி வழக்குப் பதியும் முறை. முதலில் வழக்குக்கு முந்திய கடிதம். அட்டை இலக்கம், பிபிஐ காலம், சட்டப் பிரிவு, தொகை, கணக்குத் தாள், கொமிஷன் வீதத்தை வெளியிடக் கோரிக்கை, பதிலுக்குத் திகதி. எளிய விஷயத்துக்கு 14 நாள் போதும் என்பார்கள், வங்கிக்கு 28 கொடுத்தால் நீதிபதி முன்னால் நன்றாக இருக்கும். ரெக்கோர்டட் டெலிவரியில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

பிறகு வழக்கு. காசுக் கோரிக்கைக்கான இணையத்தளத்தில் போடலாம் என்பார்கள். அங்கே விவரம் எழுத 1,080 எழுத்துதான் இடம், இடைவெளியும் சேர்த்து. 140ஏ கோரிக்கையை அதற்குள் அடக்க முடியாது. ‘விவரம் தனியாக வரும்’ என்று குறித்துவிட்டு 14 நாளுக்குள் அனுப்பாமல் விட்டு வழக்கு அடிபட்டுப்போவதும் நடக்கிறது. வழக்குப் பதியும் என்1 படிவத்தைத் தாளில் நிரப்பி, விவரத்தை இரண்டு மூன்று பக்கத்தில் இணைத்து அனுப்புவது பாதுகாப்பு. நீங்கள் கேட்பது நிச்சயித்த கடன் தொகை இல்லை, நீதிமன்ற உத்தரவு. அதற்கும் அந்தப் படிவமே பொருத்தம்.

பிரதிவாதி பெயரில் பலர் சறுக்குகிறார்கள். அட்டையில் ஒரு கடையின் பெயரோ சங்கத்தின் பெயரோ இருக்கும், கடன் கொடுத்தது வேறு கம்பனி. ஸ்டேட்மென்டின் பின்பக்க அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பதிவுப் பெயரைப் பாருங்கள். இடையில் கணக்கு வேறு வங்கிக்கு மாறியிருந்தால் கம்பனிகள் பதிவகத்தில் தேடி இன்றைய பெயரை உறுதி செய்யுங்கள். பிழையான கம்பனி மேல் போட்டு, திருத்துவதற்குள் கெடு தாண்டினால் கதை அதோடு சரி. கெடுவுக்கு முந்தின வாரம் வரை இழுக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

10,000 பவுணுக்குள் என்றால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மோல் கிளெய்ம்ஸ் பாதை. 1,500க்கு மேல் 3,000 வரையிலான கோரிக்கைக்குப் பதிவுக் கட்டணம் 115 பவுண், விசாரணைக்குத் தனிக் கட்டணம். குறைந்த வருமானம் என்றால் இஎக்ஸ்160 படிவத்தில் கட்டணச் சலுகை கேட்கலாம். 2024 மே முதல் பெரும்பாலான சிறு காசுக் கோரிக்கைகள் ஒரு மணி நேர இலவச போன் சமரசத்துக்குப் போகின்றன. வராமல் விட்டால் நீதிபதி தண்டிக்கலாம். வங்கி ஒரு தொகை சொல்வது பெரும்பாலும் அந்த போனில்தான், எனவே எதற்குக் கீழே இறங்க மாட்டீர்கள் என்பதை முதல் நாளே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மோல் கிளெய்ம்ஸில் தோற்றாலும் மறுபக்கச் சொலிசிட்டர் செலவு பொதுவாக உங்கள் தலையில் விழாது. ‘இது சிக்கலான வழக்கு, மேல் பாதைக்கு மாற்றுங்கள்’ என்று வங்கி கேட்கலாம். மாற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மாற்றக் கேட்டு விண்ணப்பம் வந்தால், அடுத்த அடி வைக்க முன் ஒரு சொலிசிட்டரைப் பாருங்கள்.

கடை வைத்திருந்தவர் என்பதை மறக்காமல் எழுதுங்கள். சொந்தத் தொழில்காரருக்கு வேலையிழப்புப் பகுதி பயன்படுவது அரிது, தொழிலையே முழுக்க மூடினால்தான் என்று நிபந்தனை வைப்பார்கள். கொமிஷன் வாதத்துக்குத் துணையாக அது நிற்கும்.

இதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸுக்கு. ஸ்கொட்லாந்தில் காலவரையறைச் சட்டமே வேறு.

வெம்பிளி அண்ணை எழுதியது:

ஒத்துக்கொள்ளுறன், பூட்டினது முன்கதவு மட்டும்தான். ஆனால் ஒண்டு. ஆள் இடையில பாங்கரப்ட் ஆனவரோ ஐவிஏ (கடன் குடுத்தவையோட பேசிக் கடனைத் தவணையாய்க் கட்டிற ஒப்பந்தம்) போட்டவரோ எண்டால் இந்தக் காசு அவரின்ர கைக்கு வராது. பாங்கரப்ட் எண்டால் கோரிக்கையே, அவரின்ர சொத்தைப் பொறுப்பெடுக்கிற உத்தியோகபூர்வப் பொறுப்பாளரிட்டப் போயிடும். ஐவிஏ எண்டால் ஒப்பந்தத்தை வாசிக்க வேணும். அதே பாங்கில வேற கடன் நிலுவை இருந்தாலும் அதில கழிச்சிடுவாங்கள்.

கோப்புக்காரி எழுதியது:

40 வீதக் காரருக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

சம்மதம் கொடுக்காதவர்களுக்கு இப்படி இழப்பீட்டு நிறுவனங்கள் போன் எடுப்பது 2018 செப்டம்பரிலிருந்து சட்டவிரோதம். அழைப்பே கேள்விக்குறி. பிபிஐ முறைப்பாட்டுக்கு 2018 சட்டப்படி உச்சக் கட்டணம் 20 வீதமும் அதன்மேல் வற் வரியும், ஆக 24. அந்த உச்சவரம்பு முறைப்பாட்டு வேலைக்கு. சொலிசிட்டர்கள் நடத்தும் நீதிமன்ற வேலை அதற்கு வெளியே நிற்கிறது. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கும் ஒப்பந்தத்தில் 50 வீதம் வரை போகலாம். ஆகவே 40 என்று கேட்பவர் யார் என்பதே முதல் கேள்வி. சொலிசிட்டர் என்றால் சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவில் பெயர் இருக்கும், இழப்பீட்டு நிறுவனம் என்றால் எஃப்சிஏ பதிவேட்டில் இருக்கும். இரண்டிலும் இல்லையென்றால் போனை வையுங்கள்.

இருந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள். தோற்றால், அல்லது நடுவில் நீங்கள் விலகினால், யார் செலவு? செலவுக் காப்புறுதி எடுக்கிறார்களா, அதன் பிரீமியம் யாருடைய பங்கிலிருந்து? வழக்கை எந்தத் திகதிக்குள் பதிவார்கள்? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராதவர் உங்கள் கோப்பை அலுமாரியில் வைத்திருப்பார், 2027 மார்ச் தாண்டிப் போகும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் பிரீமியத்துக்கு வருமான வரி இல்லை. அதன்மேல் வரும் 8 வீத வட்டி சேமிப்பு வட்டி மாதிரி வரிக்கு உட்பட்டது. வங்கி நேரடியாகத் தரும்போது 20 வீதம் கழித்துத்தான் தரும். அடிப்படை வரிக்காரருக்கு வருடம் 1,000 பவுண், மேல்விகிதக்காரருக்கு 500 வரை வட்டிக்கு வரி இல்லை. கழித்ததை ஆர்40 படிவத்தில் திருப்பிக் கேட்கலாம், அந்த வரி வருடம் முடிந்து 4 வருடத்துக்குள். படிவம் இலவசம், அதற்கும் பங்கு கேட்கும் கூட்டம் இருக்கிறது.

ஹரோவாசி எழுதியது:

2004 ஸ்டேட்மென்டுகளைப் பார்த்தேன். மே மாதம் வரம்பு 2,000, நிலுவை 2,006.41, அதில் பிபிஐ 15.73. ஓவர் லிமிட் 25 பவுண். செப்டம்பரிலும் இப்படி ஒன்று, ஆனால் அங்கே பிபிஐயைக் கழித்தாலும் 2,031 நிற்கிறது.

12 பவுண் எழுதியது:

மே மாதத்தது பிபிஐயால் விழுந்தது: 2,006.41இல் 15.73 போனால் 1,990.68, வரம்புக்குள். 2,006.41 என்பது அந்த 25 ஏற முந்திய நிலுவைதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 25ஐயும் அதன் மேல் ஓடிய அட்டை வட்டியையும் கணக்குத் தாளில் தனி வரியாகப் போடுங்கள். செப்டம்பரை இப்போதைக்கு அதோடு சேர்க்க வேண்டாம். ஆனால் முந்தின மாதங்களில் ஏறிய பிரீமியமும் அதன் வட்டியும் அந்த 2,031க்குள் ஒளிந்திருக்கும். 2002இலிருந்து பிபிஐ இல்லாத நிலுவையை ஓட்டிப் பார்த்தால் அதுவும் 2,000க்குக் கீழே இறங்கலாம். தரவுக் கோரிக்கைக்குப் பதில் வந்த பிறகு அந்த வரிசையை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.